அன்றாட உடையாகக் கில்ட்: அணிந்து பழகியவர்களின் ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வசிக்கும் நான், திருமணத்துக்கு வாடகைக்கு எடுக்கும் உடையாக அல்லாமல், கடைத்தெருவுக்கும் வார இறுதி நடைக்கும் போட்டுக்கொள்ளும் சாதாரண உடையாகக் கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும், முழங்கால் வரையிலான மடிப்புப் பாவாடை) அணிய விரும்புகிறேன். எனக்கு ஸ்காட்லாந்து வம்சாவளி இல்லை. பால்மோரல் என்ற டார்டன் (கில்ட் துணியின் வண்ணக் கட்ட வடிவம்) அரச குடும்பத்துக்கே உரியது என்றாலும், பிளாக் வாட்ச் போன்ற பொது டார்டன்களை யாரும் அணியலாம் என்பதால் உரிமை குறித்து எனக்குத் தயக்கம் இல்லை.

என் குழப்பமெல்லாம் துணியைப் பற்றியது. எட்டு கஜக் கம்பளித் துணியைப் பின்புறம் வரிசையாக மடித்துத் தைக்கும் மரபுக் கில்ட், தினமும் பேருந்தில் உட்கார்ந்து எழுந்தாலும் மடிப்பு கலையாமல் இருக்குமா? அல்லது அமெரிக்காவின் சியாட்டில் நகர நிறுவனமொன்று 2000-ஆம் ஆண்டில் விற்கத் தொடங்கிய, பக்கவாட்டில் பெரிய பைகள் வைத்த பருத்திக் கில்ட்தான் வசதியானதா? (வேட்டி கட்டிப் பழகியவன் என்பதால் காற்றோட்டம் எனக்குப் பிரச்சினையே இல்லை.)

மரபுக் கில்ட்டில் பை கிடையாது. முன்னால் தொங்கும் ஸ்போரன் என்ற தோல்பையோ டி-ஷர்ட்டுடன் சற்று ஆடம்பரமாகத் தெரிகிறது. அதைத் தவிர்ப்பவர்கள் கைபேசியையும் சாவியையும் எங்கே வைக்கிறீர்கள்? மழையில் நனைந்த கம்பளியை வீட்டிலேயே உலர்த்தும் முறையையும், அலுவலகத்துக்கு அணிந்து சென்ற அனுபவத்தையும் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.