கதவு ஸ்பீக்கரை மாற்றியதும் பேஸ் காணாமல் போய்விட்டது, உதவுங்கள்

கேள்வி:
காரோடு வந்த ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு முன்கதவு இரண்டிலும் ஆறரை இன்ச் ஸ்பீக்கர் போட்டேன். பாடுகிறவர் குரல் பளிச்சென்று கேட்கிறது. ஆனால் பேஸ் (டிரம் போன்றவற்றின் தாழ்ந்த, கனமான ஒலி), பழையதில் இருந்த அளவுகூட இல்லை. வால்யூமைக் கூட்டினால் கதவு கடகடவென்று அதிர்கிறது. ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் சரியாகுமா?

பதில்:
ஆம்ப்ளிஃபயர் பிறகு பார்க்கலாம். முதலில் ஸ்டீரியோவின் இடது-வலது பேலன்ஸை முழுக்க ஒரு பக்கம் தள்ளுங்கள். ஒற்றை ஸ்பீக்கரில் பேஸ் கூடுகிறதா? அப்படியென்றால் ஏதோ ஒரு பக்கம் ப்ளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஸ்டீரியோவிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, அதன் முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ் தொட்டால் கோன் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) வெளியே தள்ள வேண்டும்.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன், இரண்டும் வெளியேதான் தள்ளுகின்றன. இன்னொரு விஷயம்: கதவின் உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை வயர் இழுப்பதற்காகக் கிழித்துவிட்டேன். அது தண்ணீருக்குத்தானே?

பதில்:
தண்ணீருக்கும்தான். ஆனால் உங்கள் ஸ்பீக்கருக்குக் கதவுதான் பெட்டி. கோன் முன்னால் காற்றைத் தள்ளும் அதே நேரம் பின்னால் இழுக்கிறது. இரண்டும், அந்த ஷீட் மூடியிருந்த கதவுத் தகரத்தின் ஓட்டை வழியே கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். பேஸில் வரும் 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4 மீட்டருக்கு மேல். உள்ளங்கை அகல ஓட்டையே அதற்குப் போதும். குரலின் அலை சிறியது, அதனால்தான் அது தப்பித்தது.

செலவு செய்யும் முன் ஒரு சோதனை: ஒரு கதவில் மட்டும் ஓட்டைகளை அட்டையும் டேப்பும் வைத்து மூடிக் கேளுங்கள். வித்தியாசம் தெரிந்தால், பெரிய ஓட்டைக்கு மெல்லிய அலுமினியத் தகடு, அதன் மேல் பியூட்டைல் ஷீட் (ரப்பர் போல ஒட்டி அதிர்வைக் குறைப்பது). ஸ்பீக்கர் வளையத்துக்கும் தகரத்துக்கும் நடுவே ஃபோம் டேப் கட்டாயம். கதவின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் தொடவே தொடாதீர்கள், அடைத்தால் துருப்பிடிக்கும். மூடும் முன் கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றி, எதிலும் உரசவில்லையே என்று பாருங்கள்.

கேட்டவர்:
வலது கதவை மட்டும் அட்டையால் மூடினேன். பேலன்ஸை இடமும் வலமும் மாற்றி மாற்றிக் கேட்டேன். இடதில் டிரம் அடி வெறுமனே தட்டுவது போல்தான் கேட்கிறது. வலதில் அதே அடி தொடையில் உணர முடிகிறது! மனம் நிறைந்துவிட்டது, மிக்க நன்றி. ஆனால் வலதிலும் கடகட சத்தம் இன்னும் கொஞ்சம் இருக்கிறதே?

பதில்:
பூட்டுக்குப் போகும் கம்பியை விரலால் பிடித்துக்கொண்டு பாட்டைப் போடுங்கள். சத்தம் நின்றால் அதில் துணி டேப் சுற்றிவிடுங்கள். நிற்காவிட்டால் வெளித் தகரத்தின் நடுவில், உள்பக்கமாக, ஒரு துண்டு பியூட்டைல் ஒட்டுங்கள்.