கெண்டக்கி டீச்சர் பென்ஷன்: அது என்ன "சாக்கடை பில்"? யூனியன்ல சேரலாமா?

லூயிவில்_குமரன்:
வணக்கம் மக்களே. என் வொய்ஃபுக்கு போன ஆகஸ்ட்ல தான் இங்க லூயிவில்ல ஒரு பப்ளிக் ஸ்கூல்ல மேத்ஸ் டீச்சர் வேலை கெடச்சுது, ஹெச்4 இஏடில (என் ஹெச்1பி விசாவ வச்சு அவளுக்கு கெடச்ச வேலை அனுமதி) தான் இருக்கா. முதல் பே ஸ்லிப் வந்ததும் ரெண்டு பேருக்கும் குழப்பம், சோஷியல் செக்யூரிட்டிக்குன்னு (இங்க மத்திய அரசோட பென்ஷன்) ஒரு சென்ட் கூட பிடிக்கல, பதிலா டிஆர்எஸ்னு (டீச்சர்ஸோட ஸ்டேட் பென்ஷன் ஃபண்ட்) ஒண்ணுக்கு நல்ல தொகை போகுது. அவ ஸ்கூல்ல சீனியர் டீச்சர் ஒருத்தங்க கேஇஏன்னு கெண்டக்கி டீச்சர்ஸ் யூனியன் ஃபார்ம கையில குடுத்து "சாக்கடை பில் வந்தப்போ நீ இங்க இல்லையே, இருந்திருந்தா யோசிக்கவே மாட்ட"ன்னு சொன்னாங்களாம். சந்தா ஒண்ணும் கம்மியா இல்ல. எங்க கிரீன் கார்டு க்யூ எப்போ நகருமோ தெரியாது, இதுல பென்ஷன் வரைக்கும் இங்க இருப்போமான்னே தெரியல. சேரணுமா? அப்புறம் அந்த சாக்கடை கதை என்ன?

லெக்சிங்டன்_அக்கா:
தம்பி, அந்தக் கதைய நான் சொல்றேன், நான் அப்போ இங்க கிளாஸ்ல தான் இருந்தேன்.

2018 மார்ச் 29, வியாழக்கிழமை, மறுநாள் குட் ஃப்ரைடே. அந்த செஷன்ல முன்னாடியே பென்ஷன வெட்ட ஒரு பில் கொண்டு வந்து, எதிர்ப்பு தாங்காம அது நகரல. எல்லாரும் சரி இந்த வருஷம் தப்பிச்சோம்னு நெனச்சுட்டு இருக்கோம். அன்னைக்கு மத்தியானம் செனட் பில் 151ன்னு ஒண்ண எடுத்தாங்க, அது ஊர் கழிவுநீர் சம்பந்தமா இருந்த 11 பக்க பில். உள்ள இருந்த சாக்கடைய மொத்தமா வழிச்சு எடுத்துட்டு 291 பக்கத்துக்கு பென்ஷன் விஷயத்த ஊத்திட்டாங்க! நம்பர் அதே நம்பர். அன்னைக்கே ரெண்டு சபையிலயும் பாஸ். ஓட்டு போட்டவங்கள்ல எத்தனை பேர் 291 பக்கத்த படிச்சிருப்பாங்க நீங்களே சொல்லுங்க, நான் ஒரு நாவல் படிக்கவே ஒரு வாரம் ஆகுது.

அதுல என்ன இருந்துச்சுன்னா, 2019 ஜனவரில இருந்து புதுசா சேர்றவங்களுக்கு பழைய மாதிரி நிச்சயமான பென்ஷன் கிடையாது, கேஷ் பேலன்ஸ்னு ஒரு கணக்கு, அதாவது கட்டுன பணமும் அது மேல வளர்றதும் தான். எங்கள மாதிரி ஏற்கனவே இருக்கவங்களுக்கு, 2018 டிசம்பர் 31 வரைக்கும் சேர்த்து வச்ச சிக் லீவு மட்டும் தான் ரிடையர்மென்ட் கணக்குல வரும், அதுக்கப்புறம் சேர்றது வராது. கேக்க சின்ன விஷயமா தெரியும். ஆனா காய்ச்சலோட பாராசிட்டமால் போட்டுட்டு வந்து கிளாஸ் எடுத்து ஒவ்வொரு நாளா சேர்த்தவங்களுக்கு தான் அதோட வலி தெரியும்.

இங்க டீச்சர் ஸ்ட்ரைக் பண்றது சட்டப்படி தப்பு. அதனால என்ன பண்ணாங்க, அதே சிக் லீவ எடுத்தாங்க. அன்னைக்கு ராத்திரி பூரா ஃபேஸ்புக்ல மெசேஜ் மேல மெசேஜ், எனக்கு ஃபோன் சார்ஜ் ரெண்டு தடவ தீர்ந்துச்சு. காலைல பாத்தா சப்ஸ்டிட்யூட் டீச்சர் கிடைக்காம 20 மாவட்டத்துக்கு மேல ஸ்கூல் மூடியாச்சு. ஏப்ரல் 2 திங்கக்கிழமை தலைநகர் ஃப்ராங்க்ஃபர்ட்ல கேபிடல்ல (சட்டசபை கட்டிடம்) ஆயிரக்கணக்குல ஜனம். "நவம்பர்ல ஞாபகம் வச்சிருப்போம்"னு (தேர்தல் நவம்பர்ல) கத்துன கத்துல எனக்கு மூணு நாள் தொண்டை கட்டிக்கிச்சு. அன்னைக்கு ஒருங்கிணைச்சதுல கேஇஏ மட்டும் இல்ல, கேஒய் 120 யுனைடெட்னு டீச்சருங்களே ஃபேஸ்புக்ல ஆரம்பிச்ச குரூப்பும் பெருசா நின்னுச்சு. 120ங்கறது இங்க இருக்க கவுன்ட்டிங்க எண்ணிக்கை.

கவர்னர் மேட் பெவின் கையெழுத்து போட்டார், எங்கள திட்டவும் செஞ்சார். அட்டர்னி ஜெனரலா இருந்த ஆண்டி பெஷியர் கேஇஏவோட சேர்ந்து கேஸ் போட்டார். 2018 டிசம்பர் 13ல கெண்டக்கி சுப்ரீம் கோர்ட் ஒருமனதா அந்த சட்டத்த தூக்கிடுச்சு. ஃபார்ம்ல கையெழுத்து போட சொல்லுங்க தம்பி.

நம்பர்_நாகராஜன்:
அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனா கதைய பாதில நிறுத்திட்டாங்க. கோர்ட் ஏன் தூக்குச்சு? பென்ஷன வெட்டுறது தப்புன்னு சொல்லல. ஒரு பில்ல ஒவ்வொரு சபையிலயும் மூணு வெவ்வேற நாள்ல வாசிக்கணும்னு கெண்டக்கி அரசியல் சாசனத்துல இருக்கு, இவங்க வாசிச்சது சாக்கடை பில்ல, பாஸ் பண்ணது பென்ஷன் பில்ல, அது செல்லாதுன்னு தான் தீர்ப்பு. அப்போ ஒழுங்கா வாசிச்சு பாஸ் பண்ணா? அதத்தான் பண்ணாங்க. 2021ல ஹவுஸ் பில் 258, முறையா எல்லா நாளும் வாசிச்சு. அதுக்குள்ள பெஷியர் தான் கவர்னர், அவர் வீட்டோ போட்டார், சபைல மெஜாரிட்டி இருந்ததால வீட்டோவ தாண்டிட்டாங்க. அதனால 2022 ஜனவரி 1லேர்ந்து சேர்ற டீச்சர்ஸ்க்கு புது ஹைப்ரிட் திட்டம், கொஞ்சம் நிச்சய பென்ஷன், கொஞ்சம் தனிக் கணக்கு. குமரன், உங்க வொய்ஃப் அதுல தான் இருக்காங்க. அவங்க ஸ்கூல் சீனியர் காப்பாத்துனது சீனியரோட பென்ஷன, உங்களோடத இல்ல.

இன்னொண்ணு, பணம் இல்லாம போனதுக்கு காரணம் டீச்சர்ஸ் இல்ல. அரசாங்கம் கட்ட வேண்டிய முழு தொகைய பல வருஷம் கட்டாம விட்டுச்சு, டீச்சர் பங்கு மட்டும் மாசா மாசம் சம்பளத்துலயே பிடிச்சாச்சு.

லெக்சிங்டன்_அக்கா:
நாகராஜன் சார் சொல்றது உண்மை தான், மறுக்கல. 2021ல கோவிட் நேரம், கேபிடல்ல கூட்டம் கூட முடியல, "புதுசா வர்றவங்களுக்கு தானே"ன்னு எங்கள்லயே சில பேர் விட்டுட்டாங்க. எனக்கே அது குத்துது. ஆனா நாங்க ஒண்ணும் சாதிக்கலன்னு மட்டும் சொல்லாதீங்க. 2018 மே மாசம் ரிபப்ளிகன் பிரைமரில (கட்சிக்குள்ள வேட்பாளர தேர்ந்தெடுக்குற தேர்தல்), அந்த பில்ல எழுதுனதுல பங்கு இருந்த ஹவுஸ் மெஜாரிட்டி லீடர ஒரு ஹைஸ்கூல் மேத்ஸ் டீச்சர் தோக்கடிச்சார். 2019ல பெவின் சுமார் 5,000 ஓட்டுல போனார்.

திருச்சி_வாத்தியார்:
ஊர்ல இருந்து படிக்கிறேன். அந்த 2022 ஜனவரி 1ங்கறத பாத்ததும் சிரிப்பு வந்துருச்சு, நமக்கு தமிழ்நாட்டுல 2003 ஏப்ரல் 1. அதுக்கு அப்புறம் சேர்ந்தவன சிபிஎஸ்ல (பங்களிப்பு பென்ஷன்) போட்டாங்க, நான் அதுல ஒருத்தன். அந்த வருஷம் ஜூலைல ஸ்ட்ரைக் பண்ண லட்சத்துக்கும் மேல ஆசிரியர் அரசு ஊழியர வேலைய விட்டு எடுத்தாங்க, எங்க அப்பாவும் அதுல ஒருத்தர். ஸ்டாஃப் ரூம்ல ஒரே வேலைக்கு ரெண்டு ஜாதி, பழைய பென்ஷன் காரர் ஒரு பக்கம் நாங்க ஒரு பக்கம். தம்பி, உங்க வீட்டம்மா யூனியன்ல சேர்ந்தா முதல் மீட்டிங்லயே கேக்கச் சொல்லுங்க, 2022க்கு அப்புறம் வந்தவங்களுக்கு என்ன பண்றீங்கன்னு.

லூயிவில்_குமரன்:
எல்லாருக்கும் நன்றி. அப்போ சோஷியல் செக்யூரிட்டி அவளுக்கு சுத்தமா இல்லையா? நான் கட்டுறதுல இருந்து கூட வராதா?

நம்பர்_நாகராஜன்:
அவங்க டீச்சர் வேலைக்கு அவங்க பேர்ல சேராது, கெண்டக்கில டீச்சர்ஸ் சோஷியல் செக்யூரிட்டிக்கு வெளிய. அதனால தான் இங்க பென்ஷன தொட்டா இவ்ளோ கோவம், விழுந்தா பிடிக்க கீழ வேற வலை இல்ல. உங்க பேர்ல வர்ற ஸ்பவுஸ் பெனிஃபிட்ட முன்னாடி அவங்க பென்ஷன காட்டி வெட்டுவாங்க, 2025 ஜனவரில பைடன் கையெழுத்து போட்ட சட்டத்துல அந்த வெட்டு போயிருச்சு. நீங்க தகுதியாகுற அளவு வருஷம் கட்டியிருக்கணும் அவ்ளோ தான். ஊருக்கு திரும்புனா அவங்க கட்டுனத டிஆர்எஸ்ல இருந்து திரும்ப வாங்கலாம், வட்டி எவ்ளோன்னு அவங்களுக்கே ஃபோன் போட்டு கேளுங்க.

லெக்சிங்டன்_அக்கா:
சந்தா சம்பளத்துல பிடிக்க 2023ல தடை போட்டு சட்டம் கொண்டு வந்தாங்க, அதனால பேங்க்ல இருந்து போற மாதிரி போட வேண்டியிருக்கலாம், ஃபார்ம்ல அந்த இடம் இருக்கான்னு பாருங்க. யூனியன்ல சேர்றது வேற, எல்லாரும் ஒண்ணா சிக் லீவு போடுற சிக் அவுட் வேற தம்பி, விசால இருக்கீங்க, அந்த மாதிரி நாள் வந்தா முதல்ல லாயர கேளுங்க.

லூயிவில்_குமரன்:
அவளே ஃபார்ம ஃபில் பண்ணிட்டா அக்கா, நான் இங்க டைப் பண்ணிட்டு இருக்கும்போதே.