எமர்ஜென்சி மேனேஜர் இருந்த ஊர்களில் நாம் பார்த்தது

ஏரிக்கரை:

பென்டன் ஹார்பர், 2011. அப்போது நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம், செயின்ட் ஜோசப்பில் எட்டு மாத கான்ட்ராக்ட்டில் இருந்தேன். எமர்ஜென்சி மேனேஜர் என்றால் பணமில்லாமல் தவிக்கும் நகரத்தை நடத்த மாநில அரசு நியமிக்கும் அதிகாரி, மிச்சிகன்வாசிகளுக்கு விளக்க வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்த்த கறுப்பினப் பெரியம்மா ஒருவர் பென்டன் ஹார்பர்க்காரர். அவர் தெருவில் மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தண்ணீர் நின்றது. "இன்று சாயங்காலம் நகர கமிஷன் கூட்டம், காரில் கொண்டுபோய் விடுகிறாயா?" என்று கேட்டார். கூடவே போனேன்.

ஏப்ரல் 14ஆம் தேதி மேனேஜர் ஜோசப் ஹாரிஸ் போட்ட உத்தரவு பலருக்கு ஞாபகம் இருக்கும். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய கமிஷன் இனி கூட்டத்தைத் தொடங்கலாம், போன கூட்டத்தின் குறிப்பை ஏற்கலாம், கூட்டத்தை முடிக்கலாம். அவ்வளவுதான். செய்தியில் படித்தபோது ஏதோ சட்டச் சிக்கல் என்று நினைத்திருந்தேன்.

பெரியம்மா மைக் முன்னால் போய் நின்று வடிகாலைப் பற்றிச் சொன்னார். ஒரு கமிஷனர் நோட்டை எடுத்து தெருவின் பெயர், வீட்டு எண், எத்தனை நாளாக என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தவர், "எழுதிக்கொண்டேன் அம்மா. ஆனால் இதைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு ஓர் இடம் இல்லை" என்றார். பெரியம்மா கோபப்படவில்லை. அந்த நோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பதினான்கு வருடம் தாண்டிவிட்டது. அவர் அங்கே நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. வேறு ஊர்களில் இருந்தவர்கள் என்ன பார்த்தீர்கள்? எழுதுங்கள்.

பழையபஸ்டிக்கெட்:

டெட்ராய்ட், 2014 ஜூன். எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா டெட்ராய்ட் நகர பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். கண் புரை. நகரத்தின் திவால் வழக்கில் பென்ஷன்காரர்களுக்கு அனுப்பிய தடிமனான ஓட்டுக் கட்டு வந்திருந்தது. "படித்துச் சொல்" என்று கூப்பிட்டார்.

அவர் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் படித்தேன். அடிப்படைப் பென்ஷனில் 4.5 சதவீதம் போகும், விலைவாசிக்கு ஏற்ற வருடாந்தர உயர்வு நின்றுவிடும். மாட்டேன் என்று ஓட்டுப் போட்டால் வெட்டு இன்னும் பெரிதாக இருக்கும். நகர மியூசியத்து ஓவியங்களைக் கடனுக்காக விற்காமல் காப்பாற்ற அறக்கட்டளைகளும் மாநிலமும் மியூசியமும் சேர்ந்து ஒப்புக்கொண்ட 816 மில்லியன் டாலரும் பென்ஷன்காரர்களின் ஒப்புதலைப் பொறுத்தது என்று இருந்தது. மருத்துவக் காப்பீட்டில் அதற்கு முன்பே கை வைத்துவிட்டார்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு, "வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன், அதில் இதெல்லாம் இல்லையே" என்றார். அப்புறம் பேனாவைக் கேட்டார். எந்தக் கட்டம் என்று அவருக்குத் தெரியவில்லை, என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டச் சொன்னார். என் விரல் பக்கத்திலேயே "ஏற்கிறேன்" என்று குறித்தார். அவர் வகைப் பென்ஷன்காரர்களில் 73 சதவீதம் பேர் அப்படித்தான் போட்டார்கள் என்று பின்னால் வந்தது. அந்த எண்ணைப் பார்த்து மக்கள் மனமுவந்து சம்மதித்தார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வருகிறது.

இரவுப்பணி:

மேலே இருவரும் எழுதியது மனதைத் தொட்டது, ஆனால் பாதிப் படம்தான். 2012 குளிர்காலத்தில் இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது டெட்ராய்ட்டுக்குள் டயர் பஞ்சர். தெரு முழுக்க ஒரு விளக்குகூட இல்லை. போன் வெளிச்சத்தில் ஸ்டெப்னி மாற்றினேன். எதிர்வீட்டுப் பாட்டி ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து, முடியும்வரை பக்கத்தில் நின்றார். அந்தக் குளிரில், நைட்டியின் மேல் ஒரு கோட்டோடு. "இரண்டு வருடமாக இருட்டு, போன் பண்ணிப் பண்ணி அலுத்துவிட்டது" என்றார். அப்போது அங்கே இருந்தது ஓட்டுப் போட்டு வந்த மேயரும் கவுன்சிலும்தான், மேனேஜர் அல்ல.

நகரத்தின் தெருவிளக்குகளில் 40 சதவீதம் எரியவில்லை. 1950இல் பதினெட்டரை லட்சம் பேர் இருந்த ஊரில் 2010இல் ஏழு லட்சம் சொச்சம். 18 பில்லியன் டாலர் கடன். முன்னாள் மேயர் குவாமே கில்பாட்ரிக் ஊழல் வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது 2013 மார்ச் 11. டெட்ராய்ட்டின் மேனேஜராக கெவின் ஓர் பெயரை அறிவித்தது மார்ச் 14. நடுவில் மூன்று நாள். 2014 டிசம்பரில் நகரம் திவாலிலிருந்து வெளியே வந்தது, கெவின் ஓரும் போய்விட்டார். வீடு எரியும்போது யார் தண்ணீர் ஊற்றுகிறார் என்று கேட்பதா? அந்தப் பாட்டி தெருவில் இன்று விளக்கு எரிகிறது.

ஏரிக்கரை:

இரவுப்பணி தம்பி, பாட்டி கதைக்கு நன்றி. ஆனால் விளக்கை மேனேஜர் கணக்கில் எழுதாதீர்கள். டெட்ராய்ட் தெருவிளக்குக்குத் தனி ஆணையம் அமைக்கும் சட்டம் 2012 டிசம்பரிலேயே வந்துவிட்டது, கெவின் ஓர் வருவதற்கு முன்னால்.

இன்னொன்றும் அதே காலத்தில் நடந்தது. மேனேஜருக்கு ஒப்பந்தங்களை ரத்து செய்யும் அளவுக்கு அதிகாரம் கொடுத்த 2011ஆம் வருடச் சட்டத்தை நவம்பர் 2012இல் மாநில மக்கள் ஓட்டுப் போட்டே தூக்கி எறிந்தார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மேனேஜர் முறையைத் திரும்பக் கொண்டுவரும் 436ஆம் எண் சட்டத்தில் கவர்னர் ஸ்னைடர் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு நிதி ஒதுக்கீட்டைச் சேர்த்துவிட்டார்கள். நிதி ஒதுக்கீடு இருக்கும் சட்டத்தை மிச்சிகனில் மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக முடியாது. பணமில்லாத ஊரைக் காப்பாற்ற வந்தவர்கள் என்கிறீர்கள். அப்படி வந்தவர்கள் ஏன் அந்தக் கதவை மட்டும் அவ்வளவு கவனமாகச் சாத்தினார்கள்? 2013இல் மாநிலத்தின் கறுப்பின மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இப்படி மேற்பார்வையில் இருந்த ஊர்களில்தான் வாழ்ந்தார்கள். நம்மில் பலர் எச்-1பியில் வந்து பத்துப் பதினைந்து வருடம் ஓட்டில்லாமல் வரி கட்டியவர்கள். அது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சீரகத்தண்ணீர்:

நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஃபிளின்ட், 2014. நகரம் மேனேஜர் கையில் இருந்தது. ஏப்ரல் 25ஆம் தேதி டெட்ராய்ட் தண்ணீரை நிறுத்தி ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றினார்கள். செப்டம்பரில் எனக்குப் பெண் பிறந்தாள். பிரசவம் பார்க்க அம்மா தஞ்சாவூரிலிருந்து ஆகஸ்டில் வந்திருந்தார்.

வந்த இரண்டாம் நாளே அரிசி களைந்த தண்ணீரைப் பாத்திரத்தோடு கொண்டுவந்து காட்டினார். "கழுநீர் வெள்ளையாகத்தானே இருக்கணும், ஏன் செம்மண் கரைச்ச மாதிரி இருக்கு?" வடிகட்டிப் பார்த்தோம், குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டுப் பிடித்துப் பார்த்தோம். அந்த மாதமும் அடுத்த மாதமும், கிருமி இருக்கிறது, கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று ஊரின் சில பகுதிகளுக்கு அறிவிப்பு வந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. காரணம் தெரிந்துவிட்டது, வைத்தியமும் தெரிந்துவிட்டது. "இது அமெரிக்காம்மா, டெஸ்ட் பண்ணித்தான் விடுவாங்க. கொதிக்க வச்சாப் போதும்" என்று நான்தான் அம்மாவிடம் சொன்னேன்.

பிள்ளை பெற்றவளுக்குச் சீரகத் தண்ணீரை எப்படிக் காய்ச்சுவார்கள் என்று இங்கே இருக்கும் பெண்களுக்குத் தெரியும். மூன்று பங்கு ஒரு பங்காகச் சுண்டும்வரை. அம்மா அடுப்புப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கரண்டியால் அளவு பார்த்துப் பார்த்துச் சுண்டவைப்பார். நாற்பது நாளைக்குக் குறையாமல் குடித்தேன். பிள்ளைக்கு என் பால்.

அக்டோபரில் ஒருநாள் என் வீட்டுக்காரர் வந்து, எஞ்சின் தொழிற்சாலையில் இந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள், பாகங்கள் அரிக்கிறதாம் என்றார். அவர் உதிரிபாகம் சப்ளை செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தார். அதை அவர் சொல்லும்போது அடுப்பில் பாத்திரம் இருந்தது. நான் திரும்பி அதைப் பார்த்தேன். அம்மா தீயைக் குறைத்தார். அந்த இரவும் குடித்தேன்.

குழாய்களிலிருந்து தண்ணீரில் ஈயம் இறங்கியிருந்தது. ஈயம் கொதித்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடும். எனக்கு இது தெரியவந்தது 2015 செப்டம்பரில், ஃபிளின்ட்டின் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை எண்களை வெளியிட்ட வாரத்தில். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய பாஸ்பேட்டை அந்த ஆற்றுத் தண்ணீரில் சேர்க்கவே இல்லை.

கணக்குவழக்கு:

சகோதரி, வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஒரு தகவல் சரியாக இருக்க வேண்டும். ஃபிளின்ட்டில் கவுன்சிலே 7க்கு 1 என்று ஓட்டுப் போட்டுத்தான் டெட்ராய்ட் தண்ணீரை விட்டு விலகியது. ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றிய அன்று பொத்தானை அழுத்தியது தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் வாலிங். எல்லாப் பழியையும் மேனேஜர் மேல் போடக்கூடாது.

ஏரிக்கரை:

கணக்குவழக்கு சார், 2013 மார்ச்சில் கவுன்சில் ஓட்டுப் போட்டது ஹியூரான் ஏரியிலிருந்து வரப்போகும் புதுக் குழாய்த் திட்டத்துக்கு. அது கட்டி முடியும்வரை ஆற்றிலிருந்து குடிக்கலாம் என்று கவுன்சில் ஓட்டுப் போடவே இல்லை. நீங்கள் விட்டுவிட்ட இன்னொரு 7க்கு 1 இருக்கிறது. 2015 மார்ச்சில், டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்புவோம் என்று அதே கவுன்சில் போட்டது. அப்போதைய மேனேஜர் ஆம்ப்ரோஸ் அதை ஏற்கவில்லை. தண்ணீர் மாறியது அக்டோபரில். ஏழு மாதம். வாலிங் பொத்தானை அழுத்தினார் என்பது உண்மைதான். அழுத்தாமல் இருக்கும் அதிகாரம் அவரிடம் இருந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கணக்குவழக்கு:

சரி, இரண்டாவது ஓட்டை நான் மறந்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். பொத்தான் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

கோவில்வழி:

என்னுடையது சின்னது. போன்டியாக் பக்கம் கருமாரியம்மன் கோவிலுக்குப் போகும் வழியில் சில்வர்டோம் ஸ்டேடியத்தைப் பார்த்துக்கொண்டே போவோம். 1975இல் 55 மில்லியன் டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டியது. நகரம் மேனேஜர் கையில் இருந்தபோது, 2009இல் ஏலத்தில் 5,83,000 டாலருக்குப் போனது. எங்கள் ட்ராய் வீட்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அப்புறம் போலீஸ் துறையைக் கலைத்து கவுன்ட்டி ஷெரிஃபிடம் கொடுத்தார்கள், தீயணைப்பும் பக்கத்து டவுன்ஷிப்புக்குப் போனது.

2017 டிசம்பர் 3, வெடிவைத்து இடிக்கும் நாள். பையனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். வெடித்தது, புகை எழுந்தது, கட்டடம் அசையவில்லை. பக்கத்தில் நின்ற போன்டியாக்காரர் ஒருவர், வயதானவர், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மறுபடி வெடித்து விழவைத்தார்கள். அன்று நாங்கள் போகவில்லை.

வீட்டுக்கடன்:

நான் பார்த்தது டெட்ராய்ட்டின் பெல் ஐல் தீவு. குழந்தைகளோடு சும்மா போய்வந்த இடம், 2014 பிப்ரவரியிலிருந்து மாநிலப் பூங்கா. கவுன்சில் 30 வருடக் குத்தகையை மறுத்தது, அப்படியும் குத்தகை போனது. வாசலில் கார் பாஸ் 11 டாலர் என்றார்கள். முன்னால் இருந்த காரில் ஒரு குடும்பம், பின் சீட்டில் மீன் தூண்டில் நீட்டிக்கொண்டிருந்தது. ஏதோ பேசிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

எல்லோருக்கும் பயன்படட்டும் என்று சில விஷயம் சொல்கிறேன். வீடு வாங்கும் முன் பள்ளிக்கூட ரேட்டிங் மட்டும் பார்க்கிறோம், நகரத்தின் வருடாந்தரத் தணிக்கை அறிக்கையை யாரும் திறப்பதில்லை. திறந்து பாருங்கள். பொது நிதியில் கையிருப்பு எவ்வளவு, அது மூன்று நான்கு வருடமாக ஏறுகிறதா இறங்குகிறதா, பென்ஷன் நிதியில் எத்தனை சதவீதம் பணம் இருக்கிறது, ரிட்டையர் ஆனவர்களின் மருத்துவச் செலவுக்கு ஏதாவது ஒதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசியில் சொன்னதுதான் பல ஊர்களைக் கவிழ்த்தது. மிச்சிகனில் 1978 ஹெட்லி திருத்தம், 1994 ப்ரொபோசல் ஏ இரண்டும் சொத்து வரி ஏறுவதற்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன. 2008இல் வீட்டு விலை விழுந்தபோது வரியும் கூடவே விழுந்தது. விலை திரும்ப ஏறியபோது வரி அதே வேகத்தில் ஏற முடியவில்லை. மாநிலம் விற்பனை வரியிலிருந்து தரும் பங்கையும் குறைத்துக்கொண்டே வந்தது. இதனால் நிர்வாகம் ஒழுங்காக நடந்த ஊர்களும் தள்ளாடின.

தண்ணீர் விஷயம். ஃபில்டர் வாங்கினால் பெட்டியில் என்எஸ்எஃப் 53 என்ற தரச்சான்று இருக்கிறதா, அதோடு ஈயம் என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 42 என்பது சுவைக்கும் மணத்துக்கும் மட்டும். சமையலுக்குச் சூடு குழாயில் பிடிக்காதீர்கள், பச்சைத் தண்ணீரைப் பிடித்துச் சுடவையுங்கள். குழாய் நுனியில் இருக்கும் வலையைக் கழற்றி அவ்வப்போது கழுவுங்கள், ஈயத் துகள் அங்கேதான் தங்கும். உங்கள் வீட்டுக்கு வரும் இணைப்புக் குழாய் எதனால் ஆனது என்று நகரத்தில் கேளுங்கள், சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு. ஈயக் குழாய்களை மாற்ற வேண்டும் என்று 2018இல் மாநிலமே விதி போட்டிருக்கிறது. சீரகத்தண்ணீர் அக்கா, குழந்தையின் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

சீரகத்தண்ணீர்:

தம்பி, எல்லாம் செய்தாயிற்று. பெண்ணுக்குப் பதினொரு வயது. 2015 அக்டோபரில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எண் கொஞ்சம் அதிகமாக இருந்தது, அப்புறம் இறங்கியது. இப்போது நன்றாகப் படிக்கிறாள். கணக்கில் ஒரு மார்க் குறைந்தாலும் எனக்கு வேறு எதுவும் ஓடாது, அந்தப் பாத்திரம்தான்.

அம்மாவுக்குச் சொல்லவில்லை. டிவியில் ஃபிளின்ட் என்று வந்தபோது போன் பண்ணி, "நாம இருந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு, நான்தான் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தேனே" என்றார். ஆமாம்மா என்றேன். இப்போதும் பேத்திக்குச் சளி என்று சொன்னால் போதும், சீரகத் தண்ணீர் வை, நல்லாச் சுண்டவிடு என்பார்.