மண்டேலா பேசப் போனது உறுதியா, விட்டுக்கொடுத்ததா?

நெடுவழி:
போன வாரம் இங்கே ஒரு நண்பர், "27 ஆண்டு சிறையில் கிடந்தும் வளையாதவர் மண்டேலா, தென்னாப்பிரிக்காவில் நிறவெறியை எதிர்த்தவர்களில் அவருக்கு இணை யாருமே இல்லை" என்று எழுதியிருந்தார். எல்லோரும் ஆமோதித்தார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ராபர்ட் சொபுக்வே என்ற பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லையே?

சொபுக்வே விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் மொழி கற்பித்தவர். பான் ஆப்பிரிக்கக் காங்கிரஸ் என்ற கட்சியைத் தொடங்கிய தலைவர். கறுப்பர்கள் எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டிய, நடமாட அனுமதி தரும் பாஸ் புத்தகத்தை 1960 மார்ச் 21 அன்று வீட்டிலேயே விட்டுவிட்டு, ஓர்லாண்டோ காவல் நிலையத்துக்கு நடந்தே போய், கைது செய்யுங்கள் என்று நின்றார். அதே நாளில்தான் ஷார்ப்வில் என்ற ஊரில் பாஸ் சட்டத்தை எதிர்த்துத் திரண்டவர்களைப் போலீஸ் சுட்டு 69 பேர் செத்தார்கள்.

அவருக்கு 3 ஆண்டுத் தண்டனை. 1963இல் அது முடிந்தும் வெளியே விடவில்லை. அவரை உள்ளேயே வைத்திருப்பதற்காக நாடாளுமன்றம் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. 'சொபுக்வே பிரிவு' என்றே அதற்குப் பெயர். ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்தார்கள். சிறைத் தீவான ராபன் தீவில் மற்றக் கைதிகளை விட்டுத் தள்ளி ஒரு தனி வீட்டில் 6 ஆண்டு. கைதிகளோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவர்கள் அந்த வழியாக வேலைக்குப் போகும்போது சொபுக்வே குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி விரல் இடுக்கில் ஒழுக விடுவாராம். நாம் இந்த மண்ணின் பிள்ளைகள் என்று அதற்குப் பொருள்.

அவர் அரசோடு பேரம் பேசவில்லை. மண்டேலா பேசினார். நிலம் யார் கையில் இருந்ததோ அவர்கள் கையிலேயே தங்கிவிட்டது. 1913ஆம் ஆண்டு நிலச் சட்டம் கறுப்பர்களுக்கு விட்டுவைத்தது நாட்டில் சுமார் 7 சதவீதம்தான். 1936இல் அதை 13 ஆக்கினார்கள். 1994இல் மண்டேலாவின் புதிய அரசு 5 ஆண்டில் 30 சதவீத விவசாய நிலத்தை மாற்றித் தருவதாகச் சொன்னது. அது நடக்கவில்லை. கெடுவை 2014க்குத் தள்ளினார்கள், அப்போதும் நடக்கவில்லை. இதை வளையாத உறுதி என்று எப்படிச் சொல்வது?

கயல்:
அண்ணா, சொபுக்வேயைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து நெஞ்சு கனத்தது. ஆனால் அவரை உயர்த்த மண்டேலாவை ஏன் இறக்க வேண்டும்?

1985 ஜனவரியில் அதிபர் போத்தா, வன்முறையைக் கைவிடுகிறேன் என்று சொன்னால் விடுதலை என்றார். அப்போது மண்டேலாவுக்கு 66 வயது. உள்ளே போய் 22 ஆண்டு ஆகியிருந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், வீட்டுக்குப் போகலாம். பிப்ரவரி 10 அன்று அவர் மகள் ஜின்ட்சி சொவெட்டோவில் ஒரு விளையாட்டரங்கில் அப்பாவின் பதிலைப் படித்தார். தளையில்லாத மனிதன்தான் பேச்சுவார்த்தை நடத்த முடியும், கைதி ஒப்பந்தம் போட முடியாது என்பது அதன் சாரம்.

அப்புறம் பேசினார், உண்மை. எதற்கு மறுத்தார் என்பதையும் பாருங்கள். ஆயுதப் போராட்டத்தை முதலில் நிறுத்து, கம்யூனிஸ்டுகளின் உறவை அறுத்துக்கொள், பெரும்பான்மை ஆட்சி என்ற கோரிக்கையை விடு. அரசு கேட்ட இந்த மூன்றுக்கும் 1989இல் எழுத்திலேயே மறுப்பு அனுப்பினார். அதன் பிறகுதான் போத்தாவைச் சந்தித்தார், அதே ஆண்டு ஜூலை 5 அன்று, கைதியாகவே. அறைக்குள் நுழையும் முன் மண்டேலாவின் ஷூ கயிறு சரியாகக் கட்டப்படவில்லை என்று பார்த்து, உளவுத்துறைத் தலைவர் நீல் பார்னார்டு மண்டியிட்டுக் கட்டிவிட்டார். உள்ளே போய் மண்டேலா கேட்டது எல்லா அரசியல் கைதிகளின் விடுதலையை. போத்தா மறுத்தார். மண்டேலாவும் சிறைக்குத் திரும்பினார்.

நெடுவழி:
1985 பதிலை நான் மறுக்கவே இல்லை தங்கை. அதே ஆண்டு கடைசியில் நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. அறுவைச் சிகிச்சைக்காக அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நீதி அமைச்சர் கோபி கூட்சி அங்கே வந்து பார்த்தார். சிறைக்குத் திரும்பியதும் தோழர்களிடமிருந்து பிரித்துத் தனியே வைத்தார்கள். மேல்மாடியில் வால்டர் சிசுலு, கத்ராடா எல்லாரும் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லாமலே பேச்சைத் தொடங்கத் தீர்மானித்தார். சொன்னால் தடுத்துவிடுவார்கள் என்று அவரே பின்னால் எழுதினார். கூட்டாகப் போராடியவர் தனியாக முடிவெடுத்தார். இது சரியா?

பழைய வாசகன்:
நெடுவழி சார், நானும் பல வருடம் உங்கள் பக்கம்தான் நின்றேன். பிறகு கத்ராடா சொன்ன ஒரு விஷயத்தைப் படித்துக் கொஞ்சம் மாறினேன்.

1964இல் ராபன் தீவில் இறங்கியதும் உடுப்பு கொடுத்தார்கள். கத்ராடா இந்திய வம்சாவளி, அதனால் அவருக்கு முழுக்கால்சட்டை. மண்டேலாவுக்கும் சிசுலுவுக்கும் அரைக்கால்சட்டை. கறுப்பர்கள் 'பையன்கள்' என்று காட்டவே அந்த ஏற்பாடு. சாப்பாட்டிலும் அப்படித்தான். இந்தியர்களுக்கு ரொட்டி உண்டு, கறுப்பர்களுக்கு இல்லை. கூட்டத்திலேயே வயதில் சின்னவர் கத்ராடா, தலைவர்களுக்கு இல்லாதது எனக்கெதற்கு என்று கூனிக் குறுகினார். கையில் இருப்பதைத் திருப்பிக் கொடுக்காதே, எல்லோருக்கும் அது கிடைக்கும்வரை போராடுவோம் என்று மூத்தவர்கள் சொன்னார்கள்.

கிடைத்ததை வாங்கிக்கொண்டு மிச்சத்துக்கு நிற்பது என்ற பழக்கம் அவர்களுக்கு அந்த முழுக்கால்சட்டையிலேயே தொடங்கிவிட்டது. வாக்குரிமையை முதலில் வாங்குவோம் என்று, மண்டேலா விடுதலையான 1990க்குப் பிறகு நினைத்ததை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

நெடுவழி:
ஐயா, சிறையில் எல்லோருக்கும் முழுக்கால்சட்டை கடைசியில் வந்தது. நிலம் வந்ததா?

கயல்:
வரவில்லை. அதற்கு நான் சாக்கு சொல்லப் போவதில்லை. ஆனால் 1990 முதல் 1994 வரை அந்த நாடு எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அரசியல் மோதல்களில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1992 ஜூனில் பொய்பட்டோங் என்ற ஊரில் படுகொலை நடந்தது, மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு வெளியே வந்தது. 1993 ஏப்ரல் 10 அன்று கம்யூனிஸ்ட் தலைவர் கிறிஸ் ஹானியை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அதன்பின் மண்டேலா தொலைக்காட்சியில் என்ன சொன்னார்? கொன்றவன் ஒரு வெள்ளையன். அவன் பிடிபட உதவியது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் ஒரு ஆப்பிரிக்கானர், அதாவது டச்சு வழிவந்த வெள்ளையர், உயிரைப் பணயம் வைத்து விவரம் தந்தார். இரண்டையும் சேர்த்துச் சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் நாடு பற்றி எரிந்திருக்கும். சில வாரங்களிலேயே தேர்தல் தேதி குறித்தாயிற்று, 1994 ஏப்ரல் 27.

அந்தத் தேர்தலில் சொபுக்வே தொடங்கிய கட்சிக்குக் கிடைத்தது 1.25 சதவீத வாக்கு. மக்கள் ஏன் அந்தப் பக்கம் போகவில்லை அண்ணா?

இளந்தளிர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் மூவரும் ஆண்களைப் பற்றியே பேசுகிறீர்கள். அல்பெர்ட்டினா சிசுலு ஒரு நர்ஸ். கணவர் வால்டர் 1964இல் ஆயுள் தண்டனை பெற்று 1989 அக்டோபரில்தான் வந்தார். அத்தனை ஆண்டும் அவர் நர்ஸ் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். தடை உத்தரவு, வீட்டுக்காவல், தனிமைச் சிறை எல்லாம் பட்டார். 1983இல், நிறவெறியை எதிர்த்த அமைப்புகளின் கூட்டணியான ஐக்கிய ஜனநாயக முன்னணியின் தலைவர்களில் ஒருவரானபோதும் அவர் சிறைக்குள்தான் இருந்தார். 1994 மே மாதம் நாடாளுமன்றத்தில் அதிபர் பதவிக்கு மண்டேலாவின் பெயரை முன்மொழிந்தது இந்த அம்மாதான். வெளியே இவரைப் போன்றவர்கள் போராட்டத்தை அணையாமல் காத்திருக்காவிட்டால், உள்ளே இருந்தவரோடு பேச அரசுக்கு என்ன அவசியம் வந்திருக்கும்?

நெடுவழி:
இளந்தளிர் சொன்னதில் எனக்கு மறுபேச்சு இல்லை. கயல் சொன்ன அந்த மூன்று மறுப்புகளையும் நான் சரியாக எடைபோடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நில விஷயத்தில் மாத்திரம் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

மக்கள் ஏன் போகவில்லை என்று கேட்டாயே தங்கை. 1969இல் தீவிலிருந்து சொபுக்வேயை கிம்பர்லிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அவருக்கு அது பழக்கமே இல்லாத ஊர். இரவில் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது. அங்கேயே சட்டம் படித்து முடித்து 1975 முதல் வழக்காடினார். 1978 பிப்ரவரியில் நுரையீரல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று, 53 வயதில். சாகும்வரை தடை உத்தரவு நீங்கவில்லை. தடை பெற்றவர் பேசியதை அந்த நாட்டில் எந்தப் பத்திரிகையும் அச்சிடக் கூடாது. 1960இலிருந்து அவர் குரலை யாரும் கேட்கவே விடவில்லையே.