ஐஐடிபேவ் ரிசல்ட்டில் ஒரே ஆழத்துக்கு ரெண்டு வரி, எதை எடுக்கணும்?

பல்லடம்_சைட்:
வணக்கம்ங்க. ரோடு அகலப்படுத்தும் வேலை ஒன்றுக்கு ஐஐடிபேவில் (ரோடு லேயர்களில் வரும் ஸ்ட்ரெஸ் என்ற அழுத்தத்தையும், ஸ்ட்ரெய்ன் என்ற உருமாற்ற அளவையும் கணக்கிடும் சாஃப்ட்வேர்) டிசைன் சரிபார்க்கிறேன். போக்குவரத்து 20 எம்எஸ்ஏ (மில்லியன் ஸ்டாண்டர்ட் ஆக்சில்), மண்ணின் பலத்தைச் சொல்லும் சிபிஆர் 8, தார் லேயர்களான பிசியும் டிபிஎம்மும் சேர்ந்து 140 மிமீ, அதுக்கடியில் ஜல்லி லேயர்களான டபிள்யூஎம்எம், ஜிஎஸ்பி சேர்ந்து 450 மிமீ. ஓட்டிப் பார்த்தால் லேயர் எல்லைகளான 140, 590 மிமீ ஆழங்களுக்கு ரெண்டு ரெண்டு வரி வருது, ஒன்றில் மட்டும் ஆழத்தை ஒட்டி ‘எல்’ நிற்குது. 590-இல் செங்குத்து ஸ்ட்ரெய்ன் ரெண்டிலும் ஒத்தே போகலை. எதை எழுதட்டும்?

ஈரோடு_பேவ்மென்ட்:
எல் போட்ட வரி கீழ் லேயருடையதுங்க. லேயர்கள் முழுசா ஒட்டியிருப்பதாகத்தான் கணக்கே, அதனால் எல்லையில் செங்குத்து ஸ்ட்ரெஸ் மேலும் கீழும் ஒன்று, கிடைமட்ட ஸ்ட்ரெய்னும் ஒன்று. ஆனா செங்குத்து ஸ்ட்ரெய்ன் தாவும், ஏன்னா அதே அழுத்தத்துக்கு ஜல்லி அமுங்குவதை விட மண் அதிகம் அமுங்கும். உங்க கணக்கில் விறைப்பு (மாடுலஸ்) மண்ணுக்கு 17.6 × 8^0.64, அதாவது 66.6 மெகாபாஸ்கல், ஜல்லிக்கு 0.2 × 450^0.45 × 66.6, சுமார் 208.

தடம் பதியுமா என்று பார்க்க 590-இல் எல் வரியின் செங்குத்து ஸ்ட்ரெய்ன். மைனஸில் வரும், அது அமுக்கம். தார் அடியில் வெடிப்புக்கு 140-இல் எல் இல்லாத வரி, கிடைமட்டம் ரெண்டில் பெரியது. சக்கரத்துக்கு நேர் கீழும், ரெண்டு சக்கரத்துக்கு நடுவில் 155 மிமீயிலும் பார்த்து அதிகமானதை எடுங்க. 20 எம்எஸ்ஏ, 90 சதவீத நம்பகத்துக்கு மண் மேல் ஸ்ட்ரெய்ன் 0.000455-ஐத் தாண்டக் கூடாது.

காங்கேயம்_மண்:
அண்ணன் சொன்னது சரி. ஆனா தம்பி, அந்த 8 எங்கிருந்து வந்தது? பல்லடம், உடுமலைப் பக்கம் பல இடத்தில் அடியில் கரிசல். மேலே கொட்டும் கிராவல் 500 மிமீக்கு மட்டும் 8 வந்தால் போதாது, அடி மண்ணையும் சேர்த்து எஃபெக்டிவ் சிபிஆர் எடுக்கணும். அது 5 ஆனால் மண் 50 மெகாபாஸ்கல்தான், ஒரு ஜல்லியைக்கூடக் குறைக்காமலே ஜல்லி லேயரும் 156-க்கு இறங்கிடும். ஜல்லிக்கு இழுவிசை தாங்காது, அடி இளகினால் அதுவும் இளகும்.

பல்லடம்_சைட்:
நன்றிங்க அண்ணா, அடி மண் சாம்பிளும் லேபுக்கு அனுப்புறேன். காரணம்பேட்டை கிரஷர் டிப்பர் எல்லாம் இந்த வழிதான், அதுக்கு டயர் அழுத்தம் 0.56 மெகாபாஸ்கல் என்பதைக் கூட்டணுமா?

ஈரோடு_பேவ்மென்ட்:
வேண்டாங்க. சக்கரத்துக்கு 20,000 நியூட்டன், 0.56 அப்படியே இருக்கட்டும். ஓவர்லோடு விடிஎஃப் (ஒரு வண்டி எத்தனை ஸ்டாண்டர்ட் ஆக்சிலுக்குச் சமம் என்ற எண்) வழியா எம்எஸ்ஏவில் ஏறணும். 80 கிலோநியூட்டன் ஆக்சிலில் 160 ஏத்தினால் சேதம் 16 மடங்கு, அதனால் ஆக்சில் லோடு சர்வே எடுக்காமல் அந்த 20-ஐ நம்பாதீங்க.