மராமுரேஷ் மரத் தேவாலயங்கள்: மரஓடா, தகரமா?

இறவாணம்:
வட ருமேனியாவின் மராமுரேஷில் எட்டு மரத் தேவாலயங்கள் 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அவற்றைக் கவனிக்க ஆள் உண்டு. பட்டியலுக்கு வெளியே இருக்கும் சிற்றூர்த் தேவாலயங்களைப் பற்றித்தான் பேசுகிறேன். கூரையில் அடுக்கும் மெல்லிய மரச்சில்லுகளான மரஓடுகளைத் தலைமுறைக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். ஷுர்தெஷ்தி ஊரில் இருப்பதுபோல 54 மீட்டர் கோபுரம் என்றால் சாரம் கட்டவே பணம் போய்விடும். துத்தநாகத் தகடு அடித்துவிட்டால் நிம்மதி. ஊசிக் கோபுரமும் செங்குத்துக் கூரையும்தான் அந்தப் பாணி. மேலே எதைப் போர்த்தினால் என்ன?

வைரமரம்:
போர்த்துவதைப் பொறுத்துத்தான் உள்ளே இருக்கும் மரத்தின் ஆயுசு, நண்பரே. குளிர்காலத்தில் தகட்டின் அடிப்பக்கம் வேர்க்கும். அந்த நீர் ரீப்பரிலும் கைமரத்திலும் சொட்டும். வெளியே கூரை புதிதாகத் தெரியும், உள்ளே கைமரத்தின் நுனி உளுத்துக்கொண்டிருக்கும். மரஓடும் நனையும்தான், ஆனால் இடுக்குக் காற்றில் உலர்ந்துவிடும். எங்காவது ஓட்டை விழுந்தால் உள்ளிருந்தே வெளிச்சம் தெரியும், அந்த இடத்தை மட்டும் மாற்றலாம். தெசெஷ்தி ஊர்த் தேவாலயத்தில் 1780-இல் ராது முன்தியானு தீட்டிய ஓவியங்கள் மரச்சுவரின் மேலேயே இருக்கின்றன. இப்படிப்பட்ட சுவர்களில் உத்தரங்களின் இடுக்கை மறைக்கத் துணிப்பட்டை ஒட்டி, அதன்மேல் வண்ணம் பூசுவார்கள். ஈரம் ஏறினால் முதலில் கழல்வது அந்தப் பட்டைதான்.

இறவாணம்:
வேர்ப்பதற்குத் தீர்வு இருக்கிறது. தகட்டுக்கு அடியில் 5 செ.மீ. காற்றிடைவெளி, இறவாணத்திலும் (கூரையின் கீழ் விளிம்பு) முகட்டிலும் திறப்பு. அதுசரி, இப்போது போடும் மரஓடுகள் சில ஆண்டிலேயே நெளிந்து போகின்றனவே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வைரமரம்:
நெளிவது ரம்பத்தில் அறுத்த ஓடு. ரம்பம் நாரைக் குறுக்கே வெட்டிவிடும், அறுபட்ட நார்முனை ஒவ்வொன்றும் நீரை உறிஞ்சும். முறையான ஓடு பிளந்து எடுப்பது. குளிர்காலத்தில் வெட்டிய, கணுவில்லாத, முறுக்கில்லாத ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் தண்டைத் துண்டாக்கி, நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஆரம் ஆரமாகப் பிளக்க வேண்டும். பட்டையை ஒட்டிய வெளிறையும் நடுத்தண்டையும் கழித்துவிட்டு, இழுப்புக்கத்தியால் சீவ வேண்டும். நார் முழுசாக இருப்பதால் நீர் அதன் வழியே வழிந்து இறங்கிவிடும். மரத்தின் ஆண்டு வளையங்கள் ஓட்டின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்பதால் வளைவதும் குறைவு.

சாரக்கட்டு:
இடையில் ஒரு கணக்கு. 45 செ.மீ. நீள ஓடுகளை மூன்றடுக்காகப் போட்டால் வெளியே தெரிவது 15 செ.மீ. அகலம் 8 செ.மீ. என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 83 ஓடு. 400 சதுர மீட்டர் கூரைக்குக் கழிவு சேர்க்காமலே 33,000-க்கு மேல் வரும். இத்தனையையும் கையால் பிளக்கச் சிற்றூரில் எத்தனை தச்சர் இருக்கிறார்கள்? இறவாணம் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கூரையைவிடப் பெரிய கேடு கீழே நடக்கிறது. ஆற்றுக்கல்லின் மேல் உட்கார்ந்து சுவரைத் தாங்கும் அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசுகிறார்கள். கல்லிடுக்கில் ஓடிய காற்று அடைபட்டு, கருவாலி (ஓக்) மரம்கூட உள்ளேயே மக்கிவிடும். பிறகு சுவரை ஜாக்கி வைத்து மில்லிமீட்டர் கணக்கில் தூக்கி, அடிமரத்துக்கு ஒட்டுப்போட வேண்டும். அவசரப்பட்டால் மூலைப் பூட்டுகள் விலகும், ஓவியம் வெடிக்கும்.

இறவாணம்:
சிமென்ட் விஷயத்தில் எனக்கும் அதே கருத்துதான். அறுத்த ஓட்டைப் பற்றி வைரமரம் சொன்னதையும் ஏற்கிறேன். கோபுரத்துக்கு மட்டுமாவது தகடு வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஒருமுறை ஏறினால் மறுபடி ஏற எளிதில் பணம் கிடைக்காது.

வைரமரம்:
கோபுரத்தில்தான் தகடு தேவையே இல்லை. அந்தச் செங்குத்தில் நீர் நிற்காது, ஓடு அதிக நாள் தாங்கும். முதலில் போவது கீழ் இறவாணமும் பாசி பிடிக்கும் வடக்குச் சரிவும். அவற்றுக்கு உயரச் சாரம் வேண்டாம், ஏணி போதும். ஆண்டுக்கு ஒருமுறை பாசியைச் சுரண்டி, கெட்ட ஓடுகளை மட்டும் மாற்றிவந்தால் 33,000 ஓடுகளையும் ஒரே நேரத்தில் பிளக்க வேண்டி வராது.