பவுலிங்: மூன்றாவது ஆட்டத்தில் மட்டும் பந்து இடப்பக்கம் ஓடுகிறது, ஏன்?

ஒத்தைப்பின்:
வலக்கைக்காரன், ஹூக் (வளைந்து திரும்பும் பந்து) போட ஆரம்பித்து ஆறேழு மாதம்தான் ஆகிறது. முதல் ஆட்டத்தில் லேனில் (பந்து ஓடும் பலகைத் தளம்) வரைந்திருக்கும் குறி அம்புகளில் வலப்பக்கத்திலிருந்து இரண்டாவது அம்பைப் பார்த்து விட்டால் பந்து அழகாக 1-வது, 3-வது பின்களுக்கு நடுவே போய் விழுகிறது, 170, 180 புள்ளி வரும். இரண்டாவது சுமார். மூன்றாவதில் அதே இடத்தில் நின்று அதே அம்பைத்தான் பார்க்கிறேன், ஆனால் பந்து ஹெட் பின்னின் (முன்னால் நிற்கும் 1-வது பின்) மூக்கிலேயே மோதி ஸ்பிளிட் (இடைவெளி விட்டு நிற்கும் பின்கள்) விடுகிறது. சரி, இடப்பக்கம் போகிறதே என்று குறியைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளினேன். இப்போது ஹெட் பின்னையே தாண்டி இடப்பக்கம் போகிறது! குறியை வலப்பக்கம் மாற்றினால் பந்து இடப்பக்கம் போவது எந்த ஊர் நியாயம்?

எண்ணெய்த்துணி:
லேன்தான் மாறிவிட்டது, உங்கள் கை அல்ல. 39 பலகை அகலத்திலும் பூசும் எண்ணெய் ஒரே மாதிரி இருக்காது. சாதாரண ஹவுஸ் பேட்டர்னில் (அரங்கில் வழக்கமாக எண்ணெய் பூசும் முறை) நடுவில் நிறைய, ஓரங்களில் லேசாக. நீளத்தில் 60 அடியில் ஏறக்குறைய 40 அடி வரைதான் போடுவார்கள், மிச்சம் காய்ந்த தரை. எண்ணெயில் பந்து வழுக்கும், காய்ந்த இடத்தில் பிடித்துத் திரும்பும். வலக்கைக்காரர்கள் எல்லாரும் இரண்டாவது அம்பு மேலேயே ரியாக்டிவ் (தரையை நன்றாகப் பிடித்துத் திரும்பும்) பந்தை உருட்டிக்கொண்டிருந்தால், அந்தத் தடத்து எண்ணெயைப் பந்துகளே உறிஞ்சிக்கொண்டு போய்விடும், அதனால் பந்து முன்னதாகவே திரும்பத் தொடங்குகிறது. நீங்களோ அதை இன்னும் காய்ந்த ஓரத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள், திரும்பாமல் என்ன செய்யும்?

பந்து எந்தப் பக்கம் தப்புகிறதோ அந்தப் பக்கமே நீங்களும் நகர வேண்டும். கால் 2 பலகை இடப்பக்கம், கண் 1 பலகை இடப்பக்கம். போதவில்லையா, மறுபடியும் 2-1.

மூன்றாம்அம்பு:
2-1 நல்ல தொடக்கம், ஆனால் வேதவாக்கு இல்லை. அம்புகள் ஃபவுல் லைனிலிருந்து (தாண்டாமல் பந்தை விட வேண்டிய கோடு) சுமார் 15 அடியில் இருக்கின்றன, பின்கள் 60-ல். குறியை மாற்றாமல் காலை மட்டும் 1 பலகை இடப்பக்கம் வைத்தால் பின்களிடம் பந்து 3 பலகை வலப்பக்கம் போகும், கணக்குப்படி. வலப்பக்கத்திலிருந்து எண்ணினால் ஹெட் பின் 20-வது பலகையில், பாக்கெட் (அந்த 1-3 நடு) 17, 18 பக்கம். அதாவது மூக்கில் மோதுவது வெறும் இரண்டு மூன்று பலகைத் தப்பு, அதற்கு ஒரு பலகை நகர்ந்தாலே சில நாள் போதும். காய்ந்த தடத்தை விட்டே வெளியேற வேண்டும் என்றால்தான் கண்ணையும் சேர்த்து நகர்த்துவேன்.

இன்னொன்று, பின் விழுவதையே பார்க்காதீர்கள். அம்பைத் தாண்டிய பிறகு பந்து எந்த இடத்தில் திரும்புகிறது என்று பாருங்கள். முதல் ஆட்டத்தைவிட இரண்டடி முன்னால் திரும்பினால் அதுதான் சேதி. ஆனால் ஒரே ஒரு பந்தை வைத்து நகராதீர்கள், கை இழுத்துவிட்ட பந்துக்கு லேன் பொறுப்பில்லை. (இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.)

ஒத்தைப்பின்:
நேற்று இரண்டு முறை 2-1 நகர்ந்தேன். ஸ்பிளிட் நின்றுவிட்டது, 160 வந்தது. ஆனால் இப்போது பாக்கெட்டில் விழுந்தும் 10-வது பின் மட்டும் நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. இது என்ன புதுக் கூத்து?

எண்ணெய்த்துணி:
10-க்கு முன்னால் நிற்கும் 6-வது பின்னைக் கவனியுங்கள். அது 10-ன் கழுத்தைச் சுற்றிப் பறந்தால் மயிரிழையில் தப்பிய பந்து, வருத்தப்பட வேண்டாம். அசதியாகக் கட்டரில் (ஓரப் பள்ளம்) படுத்துக்கொண்டால் பந்து பின்னை எட்டுவதற்குள் வலுவை இழந்துவிட்டது. சீக்கிரம் திரும்பி சக்தியைச் செலவழித்துவிட்டது என்றால் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போய் எண்ணெயில் உருட்டுங்கள். மிச்சமுள்ள அந்த 10-வது பின்னுக்கு ஹூக் வேண்டாம், பிளாஸ்டிக் பந்தால் இடப்பக்கத்திலிருந்து குறுக்காக நேராக விடுங்கள்.

இடக்கையன்:
படிக்கச் சுகமாக இருக்கிறது. எங்கள் பக்கம் ஆளே இல்லாததால் மூன்றாவது ஆட்டத்திலும் எண்ணெய் அப்படியே இருக்கும். ஆனால் நாங்கள் தப்பாகப் போட்டால் லேன் மேல் பழி போட முடியாது, அதுதான் கஷ்டம்.